போதகர் ஜோன்சனும் ஹவார்ட் பல்கலைக்கழகமும்

ஒடுக்கும் அரசின் கருவூலத்திலிருந்து பணம் பெற்று, அந்த அரசினால் ஒடுக்கப்படும் மக்களுக்கென ஒரு பல்கலைக்கழகத்தைக் கட்டியெழுப்ப முடியுமா? முடியுமெனில், கட்டுபவர் அதற்காக எதை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்? எம்மவர் பலர் தம் இளமையில் இரவிரவாக விவாதித்த கேள்வி இது. அதற்கு ஏட்டில் அல்லாது தம் வாழ்வில் விடை தேடிய ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். அடிமையாகப் பிறந்த தந்தைக்கு மகனாக உதித்து, பப்டிஸ்ட் திருச்சபையின் போதகராகி, வாஷிங்டன் நகரின் ஹவார்ட் பல்கலைக்கழகத்தை 1926 முதல் 1960 வரை 34 ஆண்டுகள் தலைமை தாங்கி நடத்திய மோர்டெக்காய் வயாட் ஜோன்சனே அவர்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் விடுதலை வரலாறு என்றதும் மார்ட்டின் லூதர் கிங்கின் பெயர் எமது வாசகர்களின் நாவில் உடனே வந்து நிற்கும். அந்தக் கிங்கின் உள்ளத்தில் காந்தியடிகளைக் கொண்டுபோய் இருத்தியவர்களில் ஜோன்சன் முதன்மையானவர். வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனிப் பாடசாலைகள் என்ற சட்டத்தை 1954-இல் நீதிமன்றத்தில் உடைத்தெறிந்த வழக்கறிஞர்கள் பலர் உருவானதும் அவரது கூரையின் கீழேதான். எனினும் தமிழில் அவரைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு.

1890 ஜனவரியில் டென்னசி மாநிலத்தின் பாரிஸ் என்னும் சிற்றூரில் ஜோன்சன் பிறந்தார். தந்தை வயாட் ஜோன்சன் ஆலையொன்றில் பொறி இயக்குபவராக வேலை பார்த்துக்கொண்டே ஊர்த் திருச்சபையில் போதகராகவும் பணியாற்றினார். கண்டிப்பானவர்; சிரிப்பறியாதவர் என்று சொல்லப்படுகிறது. தாய் கரோலின் வெள்ளையர் வீடுகளில் வேலை செய்தவர். மகனின் படிப்பின் மீது அந்த அம்மையார் வைத்திருந்த பிடிவாதம் பெரிது. அடிமை முறை ஒழிந்து 25 ஆண்டுகளே ஆகியிருந்தன. ஆயினும் விடுதலையின் கதவுகள் ஒவ்வொன்றாக மீண்டும் அடைக்கப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஜோன்சனுக்கு ஆறு வயதாகும்போது, 1896-இல், தனித்தனியாக இருந்தாலும் சமமாக இருந்தாற் போதும் என்ற தீர்ப்பை அமெரிக்க உயர் நீதிமன்றம் பிளெசி வழக்கில் வழங்கிற்று. சமம் என்பது ஏட்டோடு நின்றது. தனி என்பது மட்டுமே ஊரெங்கும் நடைமுறைக்கு வந்தது.

ஊரில் கறுப்பினப் பிள்ளைகளுக்குரிய கல்வி விரைவிலேயே முடிந்துவிடும். ஆகவே சிறுவனை நாஷ்வில் நகரிலிருந்த ரொஜர் வில்லியம்ஸ் கல்வி நிலையத்திற்கு அனுப்பினார்கள். 17-ஆம் நூற்றாண்டில் மசாசூசெட்ஸ் குடியேற்றத்திலிருந்து நாடு கடத்தப்பட்டு, பனிக்காலத்தில் காடுகளினூடாகத் தப்பிச் சென்று, மனச்சாட்சிச் சுதந்திரத்திற்கென ரோட் ஐலண்டில் ஓர் ஊரையும் அமெரிக்காவின் முதலாவது பப்டிஸ்ட் சபையையும் நிறுவியவர் ரொஜர் வில்லியம்ஸ். நாடிழந்த ஒருவனின் பெயரைத் தாங்கிய பள்ளியில் எமது கதாநாயகர் கல்வி தொடங்கியதை நாம் தற்செயல் என்று கடந்துபோக விரும்பவில்லை. அந்நிலையம் 1905-இல் அடுத்தடுத்து இரு தடவை தீக்கிரையானது. மாணவன் மெம்பிஸ் நகரின் ஹோவ் நிலையத்திற்கும், பின்னர் ஜோர்ஜியா மாநிலத்தின் அட்லாண்டா பப்டிஸ்ட் கல்லூரிக்கும் பெயர்ந்தான். அக்கல்லூரியே 1913 முதல் மோர்ஹவுஸ் என வழங்கப்படுகிறது. 1911-இல் அங்கு பட்டம் பெற்ற ஜோன்சன் அங்கேயே ஆங்கிலமும் பொருளியலும் கற்பித்தார். சிக்காகோ பல்கலைக்கழகத்தில் 1913-இல் இன்னுமொரு பட்டம் பெற்றார்.

இவ்விடத்தில் பப்டிஸ்ட் திருச்சபை பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அங்கிலிக்கன், கத்தோலிக்க மரபுகளைக் கண்டு பழகிய எமக்கு ஆயர், பேராயர் என்ற படிநிலை இல்லாத திருச்சபை சற்றுப் புதுமையானது. பப்டிஸ்ட் சபையில் போதகரை நியமிப்பவரும் நீக்குபவரும் சபையோரே. ஆகையினால் அடிமைத்தளையிலிருந்து வெளிவந்த கறுப்பின மக்கள், வெள்ளையர் எவரிடமும் அனுமதி கேட்காது தாமே நடத்தக்கூடிய அமைப்பாக அதைக் கண்டார்கள். தோட்டம் வெள்ளையருடையது, ஆலை வெள்ளையருடையது, நீதிமன்றமும் அவர்களுடையதே. பிரசங்க பீடம் ஒன்றுதான் தம்முடையது. அதில் ஏறி நிற்கும் மனிதன் போதகனாக மட்டும் இருந்துவிட முடியாது. ஊரின் வழக்கறிஞனும் வங்கியாளனும் தூதுவனும் அவனே. ஜோன்சனின் பேச்சுவன்மையும் அதிகாரமும், பின்னர் அவர்மீது சுமத்தப்பட்ட குறைகளும் முளைத்த நிலம் இதுவே.

இறையியல் கற்க நியூயோர்க் மாநிலத்தின் ரொச்செஸ்டர் செமினரிக்குச் சென்றார். அங்கே வோல்டர் ரோஷன்புஷ் என்ற பேராசிரியர் இருந்தார். நியூயோர்க் நகரின் மிக வறிய பகுதியொன்றில் பதினொரு ஆண்டுகள் போதகராக இருந்து, பசியால் இறந்த பிள்ளைகளின் சவப்பெட்டிகளைக் கண்டு மனம் வெதும்பி, தனிமனிதனின் பாவத்தைப் போலவே சமூகத்தின் பாவத்தையும் திருச்சபை பேச வேண்டும் என்று போதித்தவர் அவர். சமூக நற்செய்தி என்று அவ்வியக்கத்தை அழைப்பர். கூலியும் வீட்டு வாடகையும் இறையியலின் பொருள்களே என்ற அந்தப் படிப்பினை ஜோன்சனை விட்டு ஒருபோதும் அகலவில்லை.

1916 நத்தார் நாளில் அன்னா எதலின் கார்ட்னரை மணந்த அவர், 1917-இல் மேற்கு வேர்ஜீனியாவின் சார்ள்ஸ்டன் நகரில் முதலாவது பப்டிஸ்ட் சபையின் போதகரானார். ஒன்பது ஆண்டுகள் அங்கிருந்தார். கறுப்பின மக்களின் முன்னேற்றத்திற்கான தேசிய சங்கத்தின் கிளையொன்றை அந்நகரில் அமைத்தார். கூட்டுறவுக் கடையொன்றையும் நடத்த முற்பட்டார். ஞாயிறு தோறும் அவரது பிரசங்கத்தைக் கேட்க வந்தோரின் தொகை பெருகிற்று. குறிப்பேடு எதையும் பாராமல் ஒரு மணி நேரம் பேசக்கூடியவர் அவர்.

சபையிடம் விடுமுறை பெற்று ஹார்வார்ட் பல்கலைக்கழகத்திற்கு மேற்படிப்புக்காகச் சென்ற ஜோன்சன் 1922-இல் முதுநிலை இறையியல் பட்டம் பெற்றார். (வாஷிங்டனின் ஹவார்டையும் மசாசூசெட்ஸின் ஹார்வார்டையும் வாசகர்கள் ஒன்றெனக் கொள்ளக் கூடாது. தமிழில் எழுதும்போது ஓரெழுத்து வேறுபாடுதான். செல்வத்தில் மலையும் மடுவும்.) அவ்வாண்டுப் பட்டமளிப்பு விழாவில் உரையாற்றத் தெரிவுசெய்யப்பட்ட மாணவர்களுள் அவர் ஒருவர். அமெரிக்கக் கறுப்பினத்தவரின் நம்பிக்கை என்பதே அன்றைய பொருள். விடுதலை பெற்ற மக்கள் இந்நாட்டின் அரசின்மீதும் சமயத்தின்மீதும் வைத்த நம்பிக்கை எவ்வளவு ஆழமானது என்று அவர் விளக்கினார். முதலாம் உலகப் போரில் பிரான்சு மண்ணில் குருதி சிந்தித் திரும்பிய கறுப்பினப் படைவீரர்களைத் தாயகம் கலவரங்களாலும் மரத்திலேற்றித் தூக்கிலிடும் கும்பல்களாலும் வரவேற்றபின், அந்நம்பிக்கை எவ்வாறு தளரத் தொடங்கியது என்பதையும் மறையாது கூறினார். ஒரு பகுதியினர் இந்நாட்டை வெறுத்து ஒதுங்கத் தொடங்கிவிட்டனர். எஞ்சியோரின் பொறுமையும் முடிவற்றதன்று என்பதே சாரம். பணம் படைத்தோரும் நீதிபதிகளும் அமர்ந்திருந்த அவையில், குரலை உயர்த்தாது இடப்பட்ட குற்றச்சாட்டு அது. அந்த ஒரு நாள் அவரை நாடறியச் செய்தது.

ஹவார்ட் பல்கலைக்கழகம் உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு 1867-இல் கொங்கிரசின் சாசனம் பெற்றுத் தோன்றியது. விடுவிக்கப்பட்ட அடிமைகளின் நலன்களுக்கான பணியகத்தின் தலைவராயிருந்த ஜெனரல் ஒலிவர் ஒட்டிஸ் ஹவார்டின் பெயரைத் தாங்கியது. மருத்துவமும் சட்டமும் கற்பித்து, நாட்டின் கறுப்பின மருத்துவர்களுள் பெரும் பகுதியினரை உருவாக்கிய நிலையம் அது. ஆயினும் அறுபது ஆண்டுகளாக அதன் தலைவர் நாற்காலியில் நிலையாக அமர்ந்தவர்கள் அனைவரும் வெள்ளையரே. 1925-இல் கட்டாய இராணுவப் பயிற்சிக்கு எதிராக மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்தனர். அதே ஆண்டு, தத்துவப் பேராசிரியரும் ஹார்லெம் மறுமலர்ச்சியின் ஆசானுமான அலெயின் லொக் உட்பட ஆசிரியர் சிலர் வேலைநீக்கம் செய்யப்பட்டனர். சம்பளம் பற்றிக் கேட்டது அவர்கள் இழைத்த குற்றங்களுள் ஒன்று. தலைவர் டர்க்கி பதவி விலக நேர்ந்தது.

1926 ஜூனில் ஆளுநர் சபை ஜோன்சனைத் தெரிவுசெய்தது. வயது 36. முனைவர் பட்ட ஆய்வு எதுவும் செய்தவரல்லர். மலைநாட்டு நகரொன்றின் போதகர். படித்தோர் பலர் முகஞ்சுழித்தனர். கறுப்பின மக்களோ தம்முள் ஒருவர் அப்பதவிக்கு நிலையாக வந்ததை எண்ணிக் களித்தனர். வெள்ளையரென்று கண்டோர் மயங்கும் அளவுக்கு வெளிறிய நிறம் அவருடையது. அவ்வாறு மயங்கவிட்டு வாழ்வில் உயர்ந்தோர் அக்காலத்தில் உண்டு. அவர் அதை நாடவில்லை. அலெயின் லொக்கைத் திரும்ப அழைத்துக்கொண்டது அவரது ஆட்சியின் தொடக்கச் செயல்களுள் ஒன்று.

முதலிற் பணத்தைப் பார்த்தார். கொங்கிரஸ் ஆண்டுதோறும் ஹவார்டுக்கு ஒரு தொகை வழங்கி வந்தது. ஆனால் அவ்வாறு வழங்குவதற்குச் சட்ட ஆதாரம் எதுவும் இல்லை. தென் மாநிலத்து உறுப்பினர் ஒருவர் எழுந்து ஒழுங்குப் பிரச்சினை கிளப்பினாற் போதும், அவ்வாண்டுப் பணம் அவ்வளவுதான். ஒவ்வோராண்டும் யாசகம்; ஒவ்வோராண்டும் அச்சம். மிச்சிகன் மாநில உறுப்பினர் லூயி கிராம்டனின் துணையோடு ஜோன்சன் இந்நிலையை மாற்றினார். 1928 டிசம்பர் 13-இல் நிறைவேறிய சட்டம் ஹவார்டுக்கு ஆண்டு மானியம் வழங்கும் அதிகாரத்தைக் கொங்கிரசுக்கு நிரந்தரமாக அளித்தது. கேட்டுப் பெறுகின்ற பிச்சை சட்டப்படி கோரக்கூடிய ஒதுக்கீடாகிற்று. அடுத்த ஆண்டு அவருக்கு ஸ்பிங்கார்ன் பதக்கம் வழங்கப்பட்டது இதன் பொருட்டே. பல்கலைக்கழகப் பணிமனைகளில் மானியக் கடிதத்துக்காகக் காத்திருந்தவர்கள் இதன் பெறுமதியை அறிவர்.

அவரது அருஞ்செயல் எது என்று எம்மைக் கேட்டால் சட்டக் கல்லூரியையே சுட்டுவோம். அதுவரை அது மாலைநேரப் பள்ளி. பகலில் அரசாங்கக் கந்தோர்களில் ஏவலராகவும் எழுதுவினைஞராகவும் உழைத்தவர்கள் மாலையில் வந்து சட்டம் கற்றார்கள். உயர் நீதிமன்ற நீதியரசர் லூயி பிரண்டைஸ் ஜோன்சனைச் சந்தித்து, கறுப்பின வழக்கறிஞர்கள் சமர்ப்பிக்கும் ஆவணங்களின் தரத்தைப் பற்றி ஒளிவுமறைவின்றிப் பேசினார் என்பர். உரிமைகள் அரசியல் யாப்பிலேயே எழுதப்பட்டுக் கிடக்கின்றன, அவற்றை எடுத்துவைக்கத் தெரிந்தவர்களை முதலில் உருவாக்குங்கள் என்பதே அவரது அறிவுரை. ஜோன்சன் அதை மனத்திற் கொண்டு சார்ள்ஸ் ஹமில்டன் ஹூஸ்டனைச் சட்டக் கல்லூரியின் பொறுப்பில் அமர்த்தினார்.

ஹூஸ்டன் ஹார்வார்ட் சட்டக் கல்லூரியில் பயின்றவர். முதலாம் உலகப் போரில் படை அதிகாரியாகச் சென்று, எதிரியைவிடத் தன் சக அதிகாரிகளிடமே கூடுதலாக அவமதிப்புக் கண்டவர். அவர் மாலைப் பள்ளியை மூடினார். பாடத்திட்டத்தைக் கடுமையாக்கினார். உழைத்துக்கொண்டே படித்தவர்களுக்குக் கதவடைப்பதா என்று பழைய மாணவர் கொதித்தனர். அக்கோபத்தில் நியாயம் இருந்தது. அந்த இழப்பைச் சுமந்தவர்கள் ஏழைகளே. ஜோன்சன் ஹூஸ்டனுக்குப் பின்னால் மதிலாக நின்றார். 1931-இல் அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் அங்கீகாரம் கிடைத்தது.

அப்போது பால்டிமோரிலிருந்து நாள்தோறும் புகைவண்டியில் வந்துபோன மாணவர் ஒருவர் இருந்தார். வீட்டுக்கு அருகிலேயே மேரிலண்ட் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரி இருந்தது. கறுப்பினத்தவருக்கு அங்கே இடமில்லை. தேர்குட் மார்ஷல் என்ற அந்த மாணவர் 1933-இல் வகுப்பில் முதல்வராகத் தேறினார். இரண்டு ஆண்டுகளின் பின், ஆசிரியர் ஹூஸ்டனும் மாணவர் மார்ஷலும் சேர்ந்து அதே மேரிலண்ட் கல்லூரியின் கதவைச் சட்டத்தால் திறந்தனர். 1954 மே 17-இல் பிரௌன் வழக்கில் பிளெசித் தீர்ப்பின் அத்திவாரம் தகர்ந்தது. உயர் நீதிமன்றத்தில் வாதிடுமுன்னர் மார்ஷல் குழுவினர் ஹவார்ட் சட்டக் கல்லூரியிலே ஒத்திகை பார்ப்பது வழக்கம். பேராசிரியர்கள் நீதியரசர்களாக அமர்ந்து குறுக்குக் கேள்விகளால் துளைப்பர். ஹூஸ்டன் அந்நாளைக் காணாது 1950-இல் காலமானார். மார்ஷல் 1967-இல் அதே நீதிமன்றத்தின் முதலாவது கறுப்பின நீதியரசரானார்.

ஏனைய துறைகளும் நிரம்பின. அரசியல் விஞ்ஞானத் துறையைத் தொடங்கிய ரல்ஃப் பன்ச் பின்னர் 1950-இல் நோபல் சமாதானப் பரிசு பெற்றார். சமூகவியலில் பிராங்கிளின் பிரேசியர், குருதி வங்கிகளின் முன்னோடியான மருத்துவர் சார்ள்ஸ் ட்ரூ, கவிஞர் ஸ்டேர்லிங் பிரௌன் ஆகியோர் அங்கே கற்பித்தார்கள். முதலாளித்துவத்துக்கும் அடிமை முறைக்கும் உள்ள உறவை எழுதிய எரிக் வில்லியம்ஸ் 1939 முதல் அங்கே விரிவுரையாளராக இருந்து, பின்னாளில் டிரினிடாட்டின் முதலாவது பிரதமரானார். வெள்ளைப் பல்கலைக்கழகங்கள் இவர்களை ஆசிரியர்களாக ஏற்க மறுத்ததனால் ஹவார்டில் இவ்வளவு அறிவு ஒருங்கே திரண்டது என்பதை நாம் மறத்தலாகாது. இதே காலத்தில் நாசி ஜேர்மனியிலிருந்து தப்பி வந்து அமெரிக்கத் துறைமுகங்களில் கையில் பட்டச் சான்றிதழோடு நின்ற யூதப் பேராசிரியர்கள் சிலருக்கும் ஹவார்ட் இடமளித்தது. பெரிய பல்கலைக்கழகங்கள் பல தயங்கிய நேரமது. அகதியின் சான்றிதழை யார் வாசிக்கிறார் என்பது எமக்குத் தெரியாத விடயமன்று.

பணம் தருபவன் நாவையும் கேட்பான் அல்லவா? 1933-இல் பட்டதாரிகளுக்கு ஆற்றிய உரையில் ஜோன்சன் சோவியத் ருஷியாவின் முயற்சியைப் பற்றி, வறியோரை முன்னிறுத்திய ஒரு பரிசோதனை என்ற வகையில் குறிப்பிட்டார். உடனே கொங்கிரசில் கூச்சல் எழுந்தது. 1935 மே மாதத்தில் பொருளாதார நெருக்கடி பற்றிய மாநாடொன்று ஹவார்ட் வளாகத்தில் நடந்தது. ரல்ஃப் பன்ச் அதில் முன்னின்றார், இடதுசாரிகளும் கலந்துகொண்டனர். பல்கலைக்கழகம் பொதுவுடைமையரின் பாசறையாகிவிட்டது என்று குற்றஞ்சாட்டினர். விசாரணை நடந்தது. ஜோன்சன் பொதுவுடைமையர் அல்லர், விசுவாசமிக்க கிறிஸ்தவர். எனினும் பேராசிரியரின் வாயைக் கட்டி மானியத்தைக் காப்பாற்றும் வழியை அவர் ஏற்கவில்லை. உள்துறைச் செயலாளர் ஹரல்ட் இக்கிஸ் அவருக்குத் துணைநின்றார். மானியம் தொடர்ந்தது. 1939-இல் மணிக்கூண்டோடு கூடிய பெரிய நூலகம் திறக்கப்பட்டது.

இதுவரை கூறியதைக் கொண்டு அவரை அப்பழுக்கற்றவராகக் காட்டினால் அது வரலாறாகாது. பிரசங்க பீடத்திலிருந்து கற்ற அதிகாரத்தை அவர் பேரவை மேசைக்கும் கொண்டுவந்தார். தம்மை இறைவனே அனுப்பினான் என்று எண்ணுகிறவர் என ஆசிரியர்கள் மறைவில் ஏளனம் செய்தார்கள். பழைய மாணவர் சங்கத்தின் ஒரு சாரார் அவரை நீக்க முயன்றனர். உயிரணுவியல் மேதை ஏர்னஸ்ட் ஜஸ்ட் ஆய்வுக்கு நேரமும் பணமும் கேட்டு அவரோடு மோதினார். இறுதியில் அமெரிக்காவையே வெறுத்து ஐரோப்பிய ஆய்வுகூடங்களில் தஞ்சம் புகுந்தார். பேர்லினில் வாய்த்த மதிப்பை நாசிகள் குலைக்க, பிரான்சுக்குச் சென்று, 1940-இல் ஜேர்மன் படையினரிடம் சிறைப்பட்டு, விடுபட்டுத் திரும்பி, 1941-இல் மாண்டார். யூத அறிஞர்கள் தப்பி வந்த திசைக்கு நேரெதிரே ஒரு கறுப்பின அறிஞர் சென்ற பயணம் அது.

பெண் மாணவர்களின் முதல்வராயிருந்த லூசி டிக்ஸ் ஸ்லோவின் கதை இன்னும் கசப்பானது. 1922 முதல் பணியாற்றிய அந்த அம்மையார் பெண்களுக்குத் தகுந்த விடுதியும் ஆண் முதல்வர்களுக்கு நிகரான சம்பளமும் கேட்டார். ஜோன்சன் அவரைப் பல்கலைக்கழக ஆலோசனைகளிலிருந்து ஒதுக்கினார். வளாகத்திலே வந்து குடியிருக்குமாறு நெருக்கினார். 1937-இல் ஸ்லோ நோயுற்று இறந்தபோது, தலைவரின் கடுமையே அவரை வாட்டியது என்று நண்பர்கள் நம்பினர். இதற்கு ஜோன்சன் தரப்பில் சமாதானம் சொல்ல எமக்கு மனமில்லை.

பின்னர் வந்தது 1944. வாஷிங்டன் நகருக்கு அக்காலத்தில் மக்கள் தெரிந்த ஆட்சி இல்லை. கொங்கிரசே அதை ஆண்டது. உணவுச்சாலைகள் கறுப்பினத்தவரைச் சேர்ப்பதில்லை. அவர்களின் சகோதரர்களோ போர்முனையில் நின்றார்கள். ஹவார்ட் மாணவர்கள், குறிப்பாக மாணவிகள், புதிய முறையொன்றைக் கைக்கொண்டனர். உணவுச்சாலைக்குள் நுழைந்து, பரிமாற மறுத்ததும் எழுந்து செல்லாது, புத்தகத்தை விரித்து அமைதியாக அமர்ந்திருந்தனர். இதை வகுத்தவர்களில் போலி மரே என்ற சட்ட மாணவி முக்கியமானவர். தம் வகுப்பில் தனியொரு பெண். 1943-இல் வளாகத்தின் அயலிலிருந்த சிறிய உணவுச்சாலையொன்று பணிந்தது. 1944 ஏப்ரலில் வெள்ளை மாளிகைக்கு அண்மையிலிருந்த தொம்சன் உணவுச்சாலைக்குள் ஐம்பதுக்கு மேற்பட்டோர் சென்று அமர்ந்தனர். அன்று மாலையே அவர்களுக்குப் பரிமாறப்பட்டது. வட கரோலினாவில் கிங்கின் தலைமுறை மாணவர்கள் உலகப் புகழ்பெற்ற உள்ளிருப்பை நடத்தியது இதற்குப் பதினாறு ஆண்டுகளின் பின்னரே.

வெற்றி கிட்டிய சில நாட்களில் பல்கலைக்கழக நிருவாகம் மாணவர்களை நிறுத்தும்படி பணித்தது. கறுப்பினத்தவரை ஆபிரிக்காவுக்கே திருப்பியனுப்ப வேண்டும் என்று பேசி வந்த மிசிசிப்பி செனட்டர் தியோடர் பில்போ அப்போது செனட் சபையில் வாஷிங்டன் நகர விவகாரக் குழுவின் தலைவர். ஹவார்டின் வருமானத்தில் பாதிக்கு மேல் கொங்கிரசிலிருந்து வந்தது. மாணவர் உட்கார்ந்த ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு விரிவுரை மண்டபம் பணயமாகலாம் என்று ஜோன்சன் கணக்கிட்டிருக்க வேண்டும். மாணவர் கொதித்தனர், வாதிட்டனர், இறுதியில் அடங்கினர். பேராசிரியரின் நாவைக் காத்தவர் மாணவரின் காலைக் கட்டினார். 1953-இல் உயர் நீதிமன்றம், அதே தொம்சன் நிறுவனத்தின் வழக்கில், தலைநகரின் உணவுச்சாலைகள் எவரையும் நிறம் பார்த்து விலக்கலாகாது என்று தீர்ப்பளித்தது. அந்த ஒன்பது ஆண்டுகளை ஜோன்சனின் கணக்கில் எழுதுவதா, பில்போவின் கணக்கில் எழுதுவதா? பில்போவின் கணக்கில்தான் என்பது எமது துணிபு. ஆயினும் அக்கட்டளையில் ஒப்பமிட்ட பேனா ஹவார்டுடையது என்பதும் மெய்.

இந்தியாவுடன் ஹவார்டுக்கு இருந்த தொடர்பு ஜோன்சனோடு தொடங்கவில்லை. அவரது சிற்றாலயத்தின் முதல்வர் ஹவார்ட் தேர்மன் 1935 ஒக்டோபரில் தம் துணைவியாருடனும் வேறிருவருடனும் கொழும்புத் துறைமுகத்தில் வந்திறங்கினார். கொழும்பிலே சட்ட மாணவர் ஒருவர், உம் முன்னோரை அடிமைகளாக விற்றவர்களின் மதத்தை நீர் இன்னும் ஏந்தி வருவதேன் என்று அவரை மடக்கினார். அந்தக் கேள்விக்கு விடைதேடி தேர்மன் பின்னர் முழு நூலொன்றே எழுதினார். 1936-இல் பர்தோலியில் காந்தியடிகளைச் சந்தித்த அவர், சிலநாள் கழித்து இலங்கைத் தீவின் நினைவோடும் காந்தியின் நினைவோடும் வாஷிங்டன் மீண்டார். அவ்வாண்டு முடிவில் சமயக் கல்லூரியின் முதல்வர் பெஞ்சமின் மேஸும் காந்தியைச் சந்தித்தார். ஆக, ஜோன்சனின் வளாகத்தில் அகிம்சை அன்றாடப் பேச்சாகியிருந்தது. போலி மரேயும் தோழியரும் அமர்ந்த அமர்வுக்கும் அப்பேச்சுக்கும் தொடர்புண்டு.

காந்தி மறைந்தபின் ஜோன்சன் தாமே இந்தியா சென்றார். திரும்பி வந்து 1950 வாக்கில் பிலடெல்பியா நகரின் பெலோஷிப் ஹவுஸ் என்ற மன்றத்தில் காந்தியின் வாழ்வைப் பற்றிப் பிரசங்கித்தார். அருகிலிருந்த குரோசர் செமினரியில் அப்போது கிங் மாணவர். இயேசுவின் அன்பு மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையே செல்லும். இனங்களுக்கும் அரசுகளுக்கும் இடையே செல்லாது என்று எண்ணத் தொடங்கியிருந்த இளைஞர் அவர். ஜோன்சனின் சொற்கள் அவரை உலுக்கின. கூட்டம் முடிந்ததும் காந்தி பற்றிய ஐந்தாறு நூல்களை வாங்கிக்கொண்டு போனதாகக் கிங் பின்னர் எழுதினார். 1955 டிசம்பரில் அலபாமாவின் மொன்ட்கொமரி நகரில் பேருந்துப் புறக்கணிப்பு தொடங்கியபோது, அதன் தலைமையை ஏற்ற 26 வயதுப் பப்டிஸ்ட் போதகரின் கையிலிருந்த ஆயுதம் அதுவே. ஜோன்சன் எத்தனையோ ஆயிரம் பிரசங்கங்கள் செய்தவர். எந்தச் சொல் எந்த நெஞ்சில் விழும் என்பதை அவர் அன்று அறிந்திருக்க முடியாது.

இறுதி ஆண்டுகளில் அவரது கண் ஆசிய ஆபிரிக்க நாடுகளின் மீது திரும்பியது. நைஜீரியாவின் முதலாவது குடியரசுத் தலைவரான அசிகிவே போன்றோர் இளமையில் ஹவார்டில் பயின்றவர்களே. 1959-இல் லண்டனில் நடந்த அத்திலாந்திக் மாநாட்டில் மேலை நாட்டவர் முன்னிலையில் அவர் எழுந்து, இவ்வளவு காலம் ஆசியரையும் ஆபிரிக்கரையும் ஆண்டு சுரண்டிய கைகளைக் கழுவாமல் அவர்களது நட்பை எதிர்பார்க்க வேண்டாம் என்னும் பொருள்படப் பேசினார்.

1960-இல் ஓய்வு பெற்றார். அவர் வந்தபோது மாணவர் சுமார் 1,700. விலகியபோது ஏறத்தாழ 6,000. ஆண்டுச் செலவு 7 இலட்சம் டொலரிலிருந்து 80 இலட்சமாகியிருந்தது. வேதியியலில் முனைவர் பட்டம் வழங்கும் நிலைக்கும் ஹவார்ட் உயர்ந்திருந்தது. பிரௌன் வழக்கணியில் நின்ற ஜேம்ஸ் நப்ரிட் அவருக்குப் பின் தலைவரானார். ஜோன்சன் வீட்டில் அடங்கியிருக்கவில்லை. வாஷிங்டன் நகரக் கல்விச் சபையில் அமர்ந்து, கறுப்பினப் பிள்ளைகளின் பாடசாலைகளுக்குப் பங்கு குறைவதேன் என்று கேட்டுக்கொண்டிருந்தார். 1969-இல் துணைவியாரை இழந்து, 1970-இல் மறுமணம் செய்தார். 1976 செப்டெம்பர் 10-இல் தமது 86-ஆவது வயதில் காலமானார்.

உயிரோடிருந்தபோதே, 1973-இல், பல்கலைக்கழகத்தின் நிருவாகக் கட்டடத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 1968 மார்ச்சில் பாடத்திட்டத்தை மாற்றக் கோரி மாணவர்கள் உள்ளே புகுந்து அமர்ந்து நாட்கணக்கில் மறித்த கட்டடம் அது. 1989-இல், அவர் பெயர் வாசலில் இருக்க, குடியரசுக் கட்சியின் தலைவர் லீ அட்வாட்டரை ஆளுநர் சபையில் சேர்த்ததை எதிர்த்து மீண்டும் அங்கேயே வந்து அமர்ந்தனர், அட்வாட்டர் விலகினார். 2018-இலும் மாணவர்கள் ஒன்பது நாட்கள் அதே மண்டபங்களிலும் படிக்கட்டுகளிலும் படுத்துறங்கினார்கள்.